ஒரு தடவை கேட்டுவிட்டுப் போனவர்கள்

என் கணவரின் வலது கைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. நனைந்த மழைக்கோட்டிலிருந்து வெளியே நீண்ட உள்ளங்கை, இடமும் வலமுமாக இரண்டு முறை ஆடியது. பந்தியில் இன்னொரு கரண்டி பாயசத்தோடு வருபவரைத் தடுப்போமே, அதே ஆட்டம்.

எதிரில் பாயசம் இல்லை. மண் கரைந்த நிறத்தில் ஓர் ஆறு இரைந்துகொண்டு போனது.

மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு கணவனும் மனைவியும் எங்கள் பக்கத்தில் நின்றிருந்தார்கள். வெள்ளைக்காரர்கள், எங்கள் வயதுதான் இருக்கும். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, நாலு பேரும் கைகோத்துக்கொண்டு சேர்ந்தே கடந்துவிடலாமா என்று அந்தப் பெண் கேட்டாள்.

“நோ, நோ. வீ ஆர் ஆல் குட்,” என்றார் என் கணவர், வாயெல்லாம் புன்னகையாக.

அவளும் புன்னகைத்தாள். சரி என்று தலையாட்டினாள். இருவரும் கையோடு கை பிணைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினார்கள். தொடை வரை தண்ணீர். நடுவில் ஒரு முறை தடுமாறினார்கள், பிறகு ஏறிவிட்டார்கள்.

அவர்கள் ஏறிய அக்கரையில், ஒரு பாறை மேல், எங்கள் மகள் தாரிணி உட்கார்ந்திருந்தாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. அவளுடைய கம்பளி ஸ்வெட்டர் இக்கரையில் என் பைக்குள் இருந்தது.

தங்கை கணவரின் இயற்கை

நாங்கள் எப்படி அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். காரணம் ஒரே ஆள். என் தங்கையின் கணவர் குணா.

குணா மலேசியாக்காரர், பல் மருத்துவர். நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது என்று ஊரிலேயே விலை அதிகமான பகுதியான எப்சத்தில் வீடு வாங்கியவர். வாங்கியபோது குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. அவ்வளவு முன்யோசனை உள்ள மனிதர், நாற்பது வயது நெருங்கும்போது திடீரென்று இயற்கையைக் கண்டுபிடித்தார். அதற்கு முன் இயற்கை இல்லாமல் இருந்தது போல.

நாங்கள் குடியேறிய இந்த ஊரில் இயற்கை ஒரு தனி மதம். வெள்ளிக்கிழமை வரை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தவர்கள், சனிக்கிழமை காலையில் முதுகில் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்க் கஷ்டப்பட்டுவிட்டு வருவார்கள். வந்ததும் கஷ்டத்தின் அளவை வைத்துப் பெருமைப்படுவார்கள். காட்டுக்குள் ஒரு நாள் நடை தூரத்துக்கு ஒன்றாக மரக்குடிசைகள் இருக்கும். ஹட் என்பார்கள். முதல் நாள் ஒரு ஹட், மறுநாள் இன்னொரு ஹட் என்று நடந்துகொண்டே போக வேண்டும். போய் என்ன செய்வது என்று கேட்டேன். அடுத்த ஹட்டுக்குப் போவது என்றார் குணா.

“மூணு நாளுதான்க்கா. சின்னப் பிள்ளைங்ககூட நடக்குது லா. தாரிணி எந்நேரமும் போனும் கையுமா இருக்கா. கொஞ்சம் வெளிய வரட்டும்.”

ஈஸ்டர் விடுமுறையில் போவதாக முடிவாயிற்று. என் தங்கை புத்திசாலி, குழந்தையைக் காரணம் காட்டி வீட்டிலேயே இருந்துவிட்டாள். எனக்குச் சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மகளைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. ஊரின் மேற்கு ஓரத்தில், ரானுயியில் இருக்கும் எங்கள் வீட்டின் ஒழுகும் கூரையைப் பற்றிச் சென்ற வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். அந்தக் கூரைக்கு ஆள் வர வேண்டும் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

சாமான் வாங்கக் கடைக்குப் போனபோது குணா ஒரு ஸ்பூனை என் கையில் வைத்தார். “தூக்கிப் பாருங்கக்கா. எடையே தெரியாது. டைட்டானியம்.” நடைப்பயணத்தில் ஒவ்வொரு கிராமும் முக்கியம் என்று விளக்கினார். அந்த எடையில்லாத ஸ்பூனை அவர் எதற்குள் போட்டு எடுத்து வந்தார் என்று நினைக்கிறீர்கள்? ஐந்து லிட்டர் பிரஷர் குக்கருக்குள்.

முதல் நாள் மாலை, ஹட்டில் மற்றவர்களெல்லாம் ஏதோ பொட்டலத்தைக் கிழித்து வெந்நீர் ஊற்றிச் சத்தமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் குக்கர் முதல் விசில் அடித்தது. மேல் படுக்கையில் படுத்திருந்த ஓர் இளைஞன் தலையை உத்தரத்தில் இடித்துக்கொண்டு எழுந்தான். குணா எல்லோரையும் பார்த்து, இன்னும் இரண்டு இருக்கிறது என்று விரல் காட்டினார்.

மூன்றாவது தடவை

அதே மாலையில் ஒரு முதியவர் சாக்லேட் டப்பாவைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டு வந்தார். என் கணவரிடம் நீட்டினார். என் கணவர், “நோ, நோ, தேங்க்ஸ்.” டப்பா அடுத்த ஆளிடம் போய்விட்டது. அது அறையைச் சுற்றி முடித்து மூடப்படும் வரை என் கணவரின் கண்ணும் அதோடு சேர்ந்து சுற்றியது. அவருக்குச் சாக்லேட் என்றால் உயிர்.

இது எங்கள் ஆட்களின் வியாதி. முதல் தடவை கேட்பது மரியாதைக்கு. முதல் தடவை வேண்டாம் என்பதும் மரியாதைக்கு. இரண்டாவது தடவை கேட்கும்போதுதான் பேச்சே தொடங்குகிறது. மூன்றாவது தடவை கையைப் பிடித்து இழுப்பார்கள், அதற்குப் பிறகு ‘இவ்வளவு சொல்றீங்களேன்னு’ என்று ஒப்புக்கொள்ளலாம். திருச்சியில் எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார். யார் வீட்டுக்குப் போனாலும் காபி வேண்டவே வேண்டாம் என்பார். மூன்றாவது வேண்டாம் சொல்லும்போது டம்ளர் அவர் கையில் இருக்கும்.

என் கணவர் இந்த வியாதியை விமானத்தில் கூடவே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வந்த புதிதில் ஊரின் வடக்கு ஓரத்தில், ஆல்பனியில் ஒரு கம்பெனியில் வேலை. கார் கிடையாது. நல்ல மழை பெய்த ஒரு நாள் மாலை, அவருடைய மேலதிகாரி, பஸ் நிலையம் வரை இறக்கிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாள். இவர் வேண்டாம் என்றிருக்கிறார். அவள், சரி, நாளைக்குப் பார்ப்போம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தவர், துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே கொதித்தார்.

“ஒரே ஒரு தடவைதான் கேட்டா விஜி. என்ன ஜனங்களோ.”

இந்த நாட்டு ஜனங்கள் நாம் சொல்வதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். இத்தனை ஆண்டுகளில் என் கணவர் இந்த ஊர் கடன், இந்த ஊர் வரி, இந்த ஊர் ரக்பி எல்லாம் கற்றுக்கொண்டார். இதை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

இந்தத் தொடரில் நான் அவரைக் கடுமையாக எழுதுவதாகச் சில வாசகர்கள் வருத்தப்படுகிறார்களாம். அவரும் படிக்கிறார். கடுமை போதவில்லை என்பதுதான் என் வருத்தம்.

துண்டு போடப் போனவர்

இரண்டாம் நாள் காலையில் தூறல். மதியத்துக்குள் பெருமழை. எனக்கு முழங்கால் வலி, என் கணவருக்குக் குதிகாலில் கொப்புளம். இருவரும் பாதையில் வழுக்கிக்கொண்டும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டும் பின்தங்கிப் போனோம். குணாவும் தாரிணியும் முன்னால் போய்விட்டார்கள்.

அவர்கள் ஆற்றுக்கு வந்தபோது அது ஓடை அளவுக்குத்தான் இருந்ததாம். கல்லுக்குக் கல் தாவிக் கடந்திருக்கிறார்கள். அக்கரையில் குணாவுக்கு ஒரு யோசனை வந்தது. அன்றிரவு தங்க வேண்டிய ஹட்டில் முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவருக்குத்தான் படுக்கை. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கும் இனத்தில் பிறந்தவர் சும்மா இருப்பாரா? பல் மருத்துவம் படித்தால் மட்டும் அது போய்விடுமா?

“நீ இங்கயே இரு, அம்மா அப்பா வந்தா கூட்டிட்டு வா. நான் போய் இடம் புடிக்கிறேன்,” என்று தாரிணியை உட்கார வைத்துவிட்டு ஓடிவிட்டார். சுமை குறையட்டும் என்று அவளுடைய ஸ்லீப்பிங் பேக், மாற்றுத்துணி எல்லாவற்றையும் தானே வாங்கிக்கொண்டார். தங்கமான மனிதர். அவள் உடம்பில் மிஞ்சியது பள்ளிக்கூடத்துப் பருத்தி ஹூடியும், அதன் மேல் காகிதம் போன்ற ஒரு மழைக்கோட்டும்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது கற்கள் எதுவும் வெளியே தெரியவில்லை.

மஞ்சள் கோட்டுத் தம்பதி வந்ததும், கேட்டதும், போனதும் அப்போதுதான். அவர்கள் ஆற்றின் பாதியில் இருக்கும்போதே என் கணவர் என்னிடம் திரும்பி, “இன்னொரு தடவை கேட்டிருந்தா போயிருக்கலாம்ல?” என்றார்.

நான் அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் தாரிணியின் அருகே போய்க் குனிந்து என்னவோ கேட்டாள். ஆற்றின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. தாரிணி எங்களைச் சுட்டிக் காட்டினாள். பிறகு அவளுடைய வலது உள்ளங்கை உயர்ந்து, இடமும் வலமுமாக இரண்டு முறை ஆடியது.

தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற பெண். இட்லியைப் பார்த்து முகம் சுளிக்கிற பெண். கோயிலுக்கு வா என்றால் வீட்டுப்பாடம் என்கிற பெண். எங்களிடமிருந்து அவள் ஒன்றுமே எடுத்துக்கொள்ளவில்லை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மஞ்சள் கோட்டுகள் இரண்டும் மரங்களுக்குள் போய் மறைந்தன.

அக்கரை

அதன் பிறகு எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. மழை விடவில்லை. நான் ஆற்றைப் பார்த்துக் கத்தினேன். போ, போய்விடு, ஹட்டுக்குப் போ என்று கையால் தள்ளித் தள்ளிக் காட்டினேன். அவள் அதை வேறு என்னவாக எடுத்துக்கொண்டாளோ, எழுந்து இன்னும் கரையோரமாக வந்து நின்றாள். ஆற்றில் கால் வைத்துவிடுவாளோ என்று பயந்து, கத்துவதையும் கைகாட்டுவதையும் நிறுத்தினேன். அவள் மறுபடி பாறைக்குப் போனாள். முழங்காலைக் கட்டிக்கொண்டாள். முதலில் அவள் நடுங்குவது இங்கிருந்தே தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

பையைத் திறந்து அவளுடைய ஸ்வெட்டரை எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று தெரியாது. நனைந்துவிடும் என்று திரும்ப உள்ளே வைத்தேன். மறுபடி எடுத்தேன். என் கணவர், தண்ணீர் குறைந்த மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அது எங்கள் காலடிக்கு வந்து, நாங்கள் பின்னால் நகர வேண்டியிருந்தபோதும் சொன்னார்.

எங்களைக் காப்பாற்றியது குணாவின் துண்டுதான். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. மஞ்சள் கோட்டுக்காரி ஹட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஜன்னலோரம் வரிசையாக நான்கு படுக்கைகளில் துண்டும் லுங்கியும் குக்கர் மூடியும் கிடந்திருக்கின்றன. யாருடையது என்று கேட்டிருக்கிறாள். என் குடும்பத்துக்கு என்று குணா பெருமையாகச் சொன்னதும், அவளுக்கு ஆற்றங்கரை ஞாபகம் வந்திருக்கிறது. இன்னுமா வரவில்லை என்றாளாம். அப்போதுதான் இவருக்கு உறைத்திருக்கிறது.

குணாவும் அந்தத் தம்பதியும் மூன்று பேருமாக ஆற்றங்கரைக்குத் திரும்பி வந்தார்கள். அந்தப் பெண் ஆற்றின் மேற்பக்கத்தைக் கையால் சுட்டினாள். இக்கரையிலேயே கொஞ்சம் மேலே நடந்தால், வெள்ளக் காலத்துக்கென்று ஒரு கம்பிப் பாலம் இருக்கிறதாம். காலுக்கு ஒரு கம்பி, கைக்கு இரண்டு கம்பி, அவ்வளவுதான் பாலம். கீழே அந்த ஆறு. சாதாரண நாளில் என்னை யாரும் அதில் ஏற்றியிருக்க முடியாது. அன்று என் கணவருக்கு முன்னால் நான் ஏறினேன். அவர் பின்னாலிருந்து, கீழே பார்க்காதே என்று கத்திக்கொண்டே வந்தார். நான் பார்த்துக்கொண்டுதான் போனேன்.

பாலத்தைப் பற்றி முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு அந்தப் பெண்ணிடம் கேட்டேன். கோபமாகவே கேட்டேன். அவள் குழம்பிப் போனாள். நீங்கள் நன்றாக இருப்பதாகத்தானே சொன்னீர்கள் என்றாள்.

அடுப்பருகே

ஹட்டில் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நிறைய பேர் இருந்தார்கள். தாரிணிக்கு அடுப்பருகே இடம் விட்டார்கள். யாரோ ஒரு கோப்பையில் சூடான சாக்லேட் கொடுத்தார்கள். நலமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எல்லோருக்கும் அவள் ஒரே பதிலைச் சொன்னாள். ஐம் குட். உடை மாற்றிக்கொண்டாயா என்று மஞ்சள் கோட்டுக்காரி கேட்டதற்கும் தலையாட்டினாள்.

நடுக்கம் நின்றிருந்தது. அதைப் பார்த்து என் கணவர் நிம்மதியானார். குணா, “ஸ்ட்ராங் கேர்ள் லா,” என்று அவள் தோளில் தட்டினார்.

கோப்பை அவள் கையில் அப்படியே இருந்தது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. சாக்லேட்டை வெறுமனே வைத்துக்கொண்டு உட்காருகிற பெண் இல்லை அவள், அப்பனின் மகள்.

“குளிருதா?” என்று கேட்டேன்.

“நோ. ஐம் ஃபைன்.”

“தாரிணி, குளிருதாடி?”

“ஐம் ஃபைன், அம்மா.” வார்த்தை குழறியது. களைப்பு என்றார் குணா.

அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். கோப்பையை வாங்கிக் கீழே வைத்தேன். இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு மூன்றாவது தடவை கேட்டேன். “நெஜமா சொல்லு. குளிருதா?”

அவள் என்னைப் பார்த்தாள்.

“அம்மா, என் கை எங்க இருக்குன்னே தெரியல.”

அவள் என்னிடம் ஒரு முழு வாக்கியத்தைத் தமிழில் சொல்லி எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன.

மேலே போட்டிருந்த மழைக்கோட்டைத் திறந்தேன். உள்ளே ஹூடியைப் பிழிந்தால் ஒரு குடம் தண்ணீர் வரும். அவள் மாற்றவே இல்லை. அந்த ஹட்டில் ஆண்களும் பெண்களும் ஒரே அறை, மறைப்பு கிடையாது. இத்தனை பேர் நடுவில் எப்படி மாற்றுவது என்று கூச்சப்பட்டு, மாற்றிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மஞ்சள் கோட்டுக்காரி ஒரே அதட்டலில் ஆண்கள் எல்லோரையும் மழையில் வெளியே நிறுத்தினாள். நாங்கள் இருவரும் ஈரத்தைக் கழற்றினோம். அந்த ஸ்வெட்டரை மாட்டி, ஸ்லீப்பிங் பேக்குக்குள் அவளோடு நானும் நுழைந்தேன். இன்னும் இரண்டு பேர் தங்கள் ஸ்லீப்பிங் பேக்குகளை எங்கள் மேல் போட்டார்கள். என் வயிற்றில் பட்ட அவள் பாதம் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தது போல் இருந்தது. அவள் திரும்பவும் நடுங்க ஆரம்பித்தபோது, அது நல்ல அறிகுறி, நடுக்கம் நின்றதுதான் ஆபத்து என்று அந்தப் பெண் சொன்னாள். அந்த நடுக்கத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். இன்றைக்கும் தாரிணி தும்மினால் எனக்கு அந்த நடுக்கம் உடம்பில் வருகிறது.

காலையில் அந்தப் பெண் எல்லோருக்கும் காபி கலந்தாள். என் கணவரிடம், உங்களுக்கு என்றாள். அவருடைய வலது கை தானாக எழுந்தது. நான் பார்த்தேன். கை பாதியில் நின்று இறங்கியது.

“யெஸ், ப்ளீஸ்,” என்றார். வாழ்க்கையில் முதல் தடவை.

எப்சத்தில் ஒரு விருந்து

சில மாதங்கள் கழித்து எப்சத்தில் குணா வீட்டில் விருந்து. இதற்குள் அந்தப் பயணம் வீரக் கதை ஆகிவிட்டிருந்தது. குணா தன் மலேசிய நண்பர்களுக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கதையில் ஆறு இரண்டு மடங்கு அகலம். துண்டு இல்லை. தாரிணியைப் பாறையில் உட்கார வைத்தது யார் என்பதும் இல்லை. “சரியான அட்வெஞ்சர் லா,” என்று முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அடுத்த ஈஸ்டருக்கு இன்னொரு டிராக் பாத்து வச்சிருக்கேன். வர்றீங்களாக்கா?”

“வேண்டாம்.”

“சும்மா வாங்கக்கா.”

“வேண்டாம் குணா.”

“அட, இவ்வளோ சொல்றேன்ல?”

“மூணு தடவையும் வேண்டாம்தான்,” என்றேன். என் தங்கை சமையலறையிலிருந்து சிரித்தாள்.

அவர் தாரிணியிடம் திரும்பினார். நீ? அவள் போனிலிருந்து தலையைத் தூக்காமல், “நோ, ஐம் குட்,” என்றாள். குணா கையை விரித்தார். பேச்சு வேறு பக்கம் போனது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். இந்த ஊர்க்காரி யாராவது அவளுக்கு அம்மாவாக இருந்திருந்தால் விட்டிருப்பாள். ஆனால் அந்த அடுப்பருகே நான் ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்திருந்தேன், கற்றுக்கொண்டதை இனி மறக்கவும் முடியாது. ரானுயிக்குத் திரும்பும் வழியில், மோட்டார்வே வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்து விழுந்து போனது. என் கணவர் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் முன் சீட்டிலிருந்து திரும்பினேன்.

“தாரிணி, நெஜமாவே போக வேண்டாமா?”

“இட்ஸ் ஃபைன், அம்மா.”

கராஜில் அவளுடைய நடைப் பூட்ஸ் இருந்தது. குப்பையில் போடச் சொல்லியிருந்தேன். முந்தின வாரம் துணி துவைக்கும் பொடி எடுக்கப் போனபோது பார்த்தேன், சேறெல்லாம் கழுவி, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து வைத்திருந்தாள். பார்க்காதது போல வந்துவிட்டேன்.

மூன்றாவது தடவை கேட்கவே கூடாது என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். வண்டி எங்கள் வீட்டுப் பக்கம் பிரியும் வழிக்கு வந்துவிட்டது. கேட்டேன்.

அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“போகணும்மா,” என்றாள். “நீ பயப்படுவியேன்னுதான்.”